1.2 புள்ளியில் ஒரு தங்கம்: கரீனா ஃபோக்ட் வழியாக ஸ்கீ ஜம்பிங்கைப் புரிந்துகொள்வோம்

2014 பிப்ரவரி 11. ரஷ்யாவின் சோச்சி நகரத்து மலைப்பகுதி. ஒலிம்பிக் வரலாற்றில் முதன்முறையாகப் பெண்கள் ஸ்கீ ஜம்பிங்கில் இறங்கிய இரவு அது. கால்களில் நீண்ட சறுக்குப் பலகைகளைக் கட்டிக்கொண்டு, குன்றின் உச்சியிலிருந்து பனிப்பாதையில் சறுக்கி வந்து, அதன் நுனியிலிருந்து காற்றில் பாய்ந்து பறக்கும் விளையாட்டு இது. எல்லோருடைய கண்ணும் ஜப்பானின் சாரா தகனாஷி மேல் இருந்தது. 17 வயது. அந்தப் பருவத்தில் அதுவரை நடந்த 13 உலகக் கோப்பைப் போட்டிகளில் (குளிர்காலம் முழுக்க நடக்கும் தொடர் இது, பின்னால் விளக்குகிறேன்) 10-ஐ வென்றிருந்தார். தங்கம் அவருக்குத்தான் என்று ஏறக்குறைய எல்லோருமே முடிவு செய்துவிட்டார்கள்.

வென்றவர் ஜெர்மனியின் கரீனா ஃபோக்ட். அப்போது அவருக்கு 22 வயது. அதுவரை ஒரு உலகக் கோப்பைப் போட்டியைக்கூட அவர் வென்றதில்லை. தகனாஷி நான்காவதாக வந்தார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் "அதிர்ஷ்டம்" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இன்னும் சிலர், இரண்டாவதாக வந்தவர்தான் மொத்தத்தில் அதிக தூரம் பறந்தார், அப்படியிருக்கத் தங்கம் எப்படி ஃபோக்டுக்குப் போனது என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல, இந்த விளையாட்டு எப்படி நடக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பனியே பார்க்காத ஒருவருக்கும் புரியும்படி அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

மேலே எம்பிக் குதிப்பதில்லை

ஸ்கீ ஜம்பிங் என்றதும், சறுக்குமரத்தின் நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும், அது ஆளை வானத்தில் தூக்கி எறியும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். தொலைக்காட்சியில் பார்க்கும்போது அப்படித் தோன்றவும் செய்யும். உண்மை நேர்மாறானது. வீராங்கனை சறுக்கிவரும் பாதையின் கடைசி நுனிகூட, ஏறக்குறைய 10 டிகிரி அளவுக்குக் கீழ்நோக்கியே சாய்ந்திருக்கும். பாதை அவரை மேலே தூக்கிவிடுவதில்லை. நுனியை எட்டும் அந்தக் கணத்தில் அவரே கால்களால் உந்தி எழ வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம் சுமார் 0.3 நொடி. கண் இமைக்கும் நேரம்தான்.

அவர் மணிக்கு 85 முதல் 90 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருப்பதையும் மறக்கக் கூடாது. ஒரு நொடிக்குச் சுமார் 24 மீட்டர். உந்துதல் சற்று முந்தினாலோ பிந்தினாலோ பல மீட்டர் தூரம் கையைவிட்டுப் போய்விடும். ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்வதெல்லாம் பெரும்பாலும் இந்த 0.3 நொடிக்காகத்தான்.

அப்புறம் அவரைக் காற்றில் தாங்குவது எது? ஓடும் பேருந்தின் ஜன்னலில் கையை நீட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். உள்ளங்கையைத் தரைக்கு இணையாகத் தட்டையாக வைத்தால் காற்று வழுக்கிக்கொண்டு போகும். விரல் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் கை தானாக மேலே எழும். முழுக்கச் செங்குத்தாக நிறுத்தினால் பின்னால் தள்ளப்படும். ஸ்கீ ஜம்பிங்கில் அந்தக் கையின் வேலையை உடலும் இரண்டு சறுக்குப் பலகைகளும் செய்கின்றன. காற்று ஒரு பொருளை இப்படி மேல்நோக்கித் தாங்கும் விசைக்குத் தூக்குவிசை என்று பெயர். சரியான சாய்வு அமைந்தால் தூக்குவிசை கூடும், விழுவது தாமதமாகும். சாய்வு தவறினால் காற்று எதிர்த்து நிறுத்திவிடும்.

ஒரு காலத்தில் பலகைகளை இணையாக வைத்துத்தான் பறந்தார்கள். 1980-களில் ஸ்வீடனின் யான் போக்லோவ், உண்டிவில் கவை போல முன்பக்கம் விரித்துப் பறக்கத் தொடங்கினார். ஆங்கில 'வி' எழுத்தின் வடிவம். பார்க்க அழகாக இல்லை என்று நடுவர்கள் அவருக்குப் புள்ளிகளைக் குறைத்தார்கள். அப்படியும் 1988-89 பருவத்தின் உலகக் கோப்பையை அவர் வென்றார். காரணம் எளிது: பலகைகள் விரிந்தால் காற்று தாங்குவதற்கு அதிகப் பரப்பு கிடைக்கிறது. சில ஆண்டுகளில் எல்லோரும் அந்த முறைக்கு மாறிவிட்டார்கள். ஃபோக்ட் பிறந்த 1992-க்குள் பழைய பாணி ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது.

இதுவரை சொன்னதன் சாரம்: பாதை தூக்கிவிடுவதில்லை, வீராங்கனை தானே உந்துகிறார், பிறகு தன் உடலையே இறக்கையாக்கிக்கொண்டு நான்கைந்து நொடிகள் காற்றின்மேல் படுத்து வருகிறார்.

எதிர்காற்று உதவும், பின்காற்று கெடுக்கும்

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு மிகவும் குழப்பமான இடம் இதுதான். சைக்கிளில் போகிறவருக்கு எதிர்காற்று தொல்லை, முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் காற்று சுகம். இங்கே அப்படியே தலைகீழ்.

பட்டம் விட்டவர்கள் யோசித்துப் பாருங்கள். பட்டத்தை ஏற்றும்போது காற்றை எதிர்த்துத்தான் ஓடுவோம். காற்று வரும் திசையில் முகம் காட்டினால்தான் பட்டம் எழும்பும். ஸ்கீ ஜம்பிங்கிலும், சரிவின் கீழேயிருந்து மேல்நோக்கி வீசும் காற்று வீராங்கனையைத் தாங்கிப் பிடிக்கும். பின்னாலிருந்து வரும் காற்று அவரைச் சரிவின்மேல் அமுக்கும்.

பிரச்சினை என்னவென்றால், காற்று எல்லோருக்கும் ஒரே மாதிரி வீசாது. முதல் ஆளுக்கு எதிர்காற்று, ஐந்து நிமிடம் கழித்து வருபவருக்குப் பின்காற்று என்றால் போட்டியே நியாயமில்லாமல் போகும். அதனால் சரிவு நெடுகக் கருவிகள் வைத்துக் காற்றை அளக்கிறார்கள். எதிர்காற்று கிடைத்தவருக்குப் புள்ளியைக் கழித்து, பின்காற்றில் மாட்டியவருக்குக் கூட்டிக் கொடுக்கிறார்கள். இதற்குக் காற்று ஈடு என்று பெயர். அதே போல, யாருக்காவது சறுக்கத் தொடங்கும் இருக்கையை மேலோ கீழோ நகர்த்தினால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு.

உடை பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். பட்டத்துக்குத் தாள் எப்படியோ, அப்படித்தான் இவர்களுக்கு உடை. தொளதொளவென்று இருந்தால் காற்றைப் பிடிக்கும் பரப்பு கூடும். அதனால் உடையின் அளவை அங்குலம் அங்குலமாகச் சோதிக்கிறார்கள். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், ஆண்களும் பெண்களும் ஒரே அணியாகத் தாண்டும் கலப்பு அணிப் போட்டியில் இந்தச் சோதனையில் ஐந்து பெண்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். அதில் ஒருவர் ஜெர்மனியின் கத்தரீனா அல்தௌஸ். இரண்டு நாள் முன்புதான் தனிநபர் வெள்ளி வென்றிருந்தார். அவருடைய புள்ளிகள் கணக்கில் வராததால் ஜெர்மனி அணி இரண்டாம் சுற்றுக்கே போகவில்லை.

விழுகிறார்களா, இறங்குகிறார்களா?

நூறு மீட்டர் பறந்து வந்து காலூன்றினால் எலும்பு நொறுங்காதா? இந்தச் சந்தேகம் எல்லோருக்கும் வரும். குளத்தில் ஓட்டாஞ்சில்லை எறிவதை நினைத்துக்கொள்ளுங்கள். செங்குத்தாகப் போட்டால் 'தொபுக்'கென்று மூழ்கும். சாய்த்து எறிந்தால் தண்ணீரை உரசித் தத்திக்கொண்டே போகும். இறங்கும் சரிவும் அவர்கள் பறந்து வரும் கோணத்தையே ஒட்டிச் சாய்ந்திருக்கும். வழியெங்கும் தரையிலிருந்து சில மீட்டர் உயரத்தில்தான் இருப்பார்கள். ஆகவே தரையில் மோதுவதைவிட, தரையை உரசிச் சேர்வது என்பதுதான் பொருத்தம்.

அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். சரிவு தட்டையாகத் தொடங்கும் இடம் வரைக்கும் பறந்துவிட்டால் அதிர்ச்சி முழங்காலில்தான் இறங்கும். ஃபோக்டின் வாழ்க்கையிலும் முழங்கால் ஒரு பெரிய அத்தியாயம்.

இறங்கும்போது ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் வைத்து, கைகளை விரித்து, முழங்காலை மடக்கி நிற்கும் நிலைக்கு டெலிமார்க் என்று பெயர். நார்வேயின் டெலிமார்க் வட்டாரத்திலிருந்து வந்த பெயர் இது. இரண்டு கால்களையும் ஒன்றாக வைத்து இறங்குவது எளிது. டெலிமார்க் கடினம், அதனாலேயே அதற்கு மதிப்பு.

தூரம் பாதிக் கதைதான்

இப்போது புள்ளிக் கணக்கு. பயப்பட வேண்டாம், கூட்டல் பெருக்கல் போதும்.

ஒவ்வொரு தாண்டல் குன்றிலும் கே புள்ளி என்று ஒரு கோடு உண்டு. அந்தக் குன்றுக்கு 'நல்ல தாண்டல்' என்று வைத்துக்கொள்ளும் தூரம் அது. சோச்சியில் அது 95 மீட்டர். சரியாக 95-ஐத் தொட்டால் 60 புள்ளி. அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் 2 புள்ளி கூடும், குறைந்தால் 2 புள்ளி போகும். இந்த அளவுள்ள குன்றை நார்மல் ஹில் என்பார்கள். இதைவிடப் பெரியது லார்ஜ் ஹில்.

அடுத்தது பாணிப் புள்ளி. ஐந்து நடுவர்கள், ஆளுக்கு அதிகபட்சம் 20. மிக உயர்ந்த ஒன்றையும் மிகக் குறைந்த ஒன்றையும் நீக்கிவிட்டு மீதி மூன்றைக் கூட்டுவார்கள். ஆக 60-க்கு மதிப்பெண். காற்றில் உடல் ஆடாமல் இருந்ததா, டெலிமார்க் வைத்தாரா, நிற்கும் வரை தடுமாறாமல் வந்தாரா என்று பார்ப்பார்கள். அந்த நாளைய விதிப்படி டெலிமார்க் இல்லையென்றால் ஒவ்வொரு நடுவரும் குறைந்தது 2 புள்ளி குறைப்பார். மூன்று நடுவர் என்றால் 6 புள்ளி. அதாவது 3 மீட்டர் தூரம் பறந்து சம்பாதித்ததை ஒரே நொடியில் இழந்துவிடலாம்.

இதோடு காற்று ஈட்டையும் சேர்த்து, இரண்டு சுற்றுகளின் மொத்தம்தான் முடிவு.

சுருக்கமாக: எவ்வளவு தூரம் என்பதோடு, எப்படிப் பறந்து எப்படி இறங்கினார், எந்தக் காற்றில் என்பதும் சேர்ந்துதான் புள்ளி.

சோச்சியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

முதல் சுற்றில் ஃபோக்ட் 103 மீட்டர். புள்ளி 126.8. முதலிடம். ஆஸ்திரியாவின் டேனியலா இராஷ்கோ-ஷ்டோல்ஸ் 98.5 மீட்டர், 118.0 புள்ளி. இடைவெளி 8.8.

இரண்டாம் சுற்றில் பின்தங்கியவர்கள் முதலில் தாண்டுவார்கள், முதலிடத்தில் இருப்பவர் கடைசி. இராஷ்கோ-ஷ்டோல்ஸ் வந்து 104.5 மீட்டர் பறந்தார். புள்ளி 128.2. கீழே நின்று அதைப் பார்த்தவர்கள், இது தங்கத்தையே புரட்டிப்போடும் தாண்டல் என்று நினைத்திருப்பார்கள். பிறகு தகனாஷி 98.5, பிரான்சின் கோலீன் மாட்டெல் 97.5. கடைசியில், மேலே தனியாக மிச்சமிருந்தவர் ஃபோக்ட்.

அவர் பறந்தது 97.5 மீட்டர். எதிராளியைவிட 7 மீட்டர் குறைவு. தூரக் கணக்கில் மட்டும் 14 புள்ளி பின்னடைவு. 8.8 புள்ளி இருப்பை வைத்துக்கொண்டு 14-ஐத் தாங்க முடியாது. ஆனால் அவருக்கு வந்த புள்ளி 120.6.

பிரித்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 97.5 மீட்டருக்குத் தூரப் புள்ளி 65. மீதி 55.6, பாணியும் காற்று ஈடும் சேர்ந்து வந்தது. இராஷ்கோ-ஷ்டோல்ஸின் 104.5 மீட்டருக்குத் தூரப் புள்ளி 79, மீதி 49.2. ஆக அந்த 14 புள்ளிப் பின்னடைவில் 6.4 புள்ளியை ஃபோக்ட் இங்கே மீட்டுவிட்டார். உண்மையில் இழந்தது 7.6 மட்டுமே. கையில் இருந்தது 8.8. மிச்சம் 1.2.

ஃபோக்ட் 247.4, இராஷ்கோ-ஷ்டோல்ஸ் 246.2. மாட்டெல் 245.2, தகனாஷி 243.0.

மொத்த தூரத்தைக் கூட்டினால் இராஷ்கோ-ஷ்டோல்ஸ் 203 மீட்டர், ஃபோக்ட் 200.5. அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டுதான் இன்றும் சிலர் வாதாடுகிறார்கள். அதிர்ஷ்டத்துக்கு இதில் இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. காற்று கலந்த எந்த விளையாட்டிலும் கொஞ்சம் இருக்கும். ஆனால் உலகமே பார்த்துக்கொண்டிருக்க, கடைசி ஆளாக உட்கார்ந்து, தனக்கு முன்னால் 104.5 பறந்ததும் தெரிந்து, தடுமாறாமல் ஒரு தாண்டலை முடிப்பதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அந்த உயரத்துக்கு ஏறவே ஆன காலம்

ஆண்களின் ஸ்கீ ஜம்பிங் 1924-இல் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கிலேயே இருந்தது. பெண்களுக்கு வாசல் திறக்க 90 ஆண்டுகள் ஆயின. 2005-இல் சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பின் அன்றைய தலைவர் ஜான்-ஃபிராங்கோ காஸ்பர், இது ஆண்டுக்கு ஆயிரம் முறை இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து தரையில் குதிப்பது போன்றது, மருத்துவக் கோணத்தில் பெண்களுக்கு ஏற்றதாகத் தெரியவில்லை என்று பேசினார். இறங்கும் சரிவைப் பற்றி மேலே பார்த்தோம். அந்தச் சாய்வு ஆணா பெண்ணா என்று பார்த்து வேலை செய்வதில்லை. காஸ்பரின் அந்த வரியைப் படிக்கும்போது இன்றும் கோபம் வரும்.

2006-இல் ஒலிம்பிக் குழு, 2010 வான்கூவர் போட்டியில் பெண்களைச் சேர்க்க மறுத்தது. வீராங்கனைகள் கனடாவில் வழக்குத் தொடுத்தார்கள். இது பாகுபாடுதான் என்று 2009-இல் நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆனால் ஒலிம்பிக் குழுவைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் தன் நீதிமன்றத்துக்கு இல்லை என்று முடித்தார். வான்கூவர் போட்டிக்காகக் கட்டிய நார்மல் ஹில்லில் அதுவரையிலான மிக நீண்ட தாண்டல், 105.5 மீட்டர், அமெரிக்காவின் லிண்ட்சே வான் என்ற பெண்ணுடையது. அதே குன்றில் ஒலிம்பிக் நடந்தபோது அவரால் போட்டியிட முடியவில்லை.

இந்த ஆண்டுகளில்தான் தென்ஜெர்மனியின் ஷ்வேபிஷ் க்முண்டில் பிறந்த ஃபோக்ட், டேகன்ஃபெல்ட் என்ற சிற்றூரின் சங்கத்தில் சேர்ந்து வளர்ந்துகொண்டிருந்தார். பதினான்கு வயதில் அவர் கேட்ட செய்தி, ஒலிம்பிக்கில் உங்களுக்கு இடமில்லை என்பது. அவருக்கு முன் நடந்தவர்களில் ஜெர்மனியின் உல்ரிக்க க்ரெஸ்லரும் ஒருவர். 2009-இல் லிபெரெட்ஸ் நகரில் நடந்த, பெண்களுக்கான முதல் உலக சாம்பியன்ஷிப்பில் லிண்ட்சே வானுக்கு அடுத்து வெள்ளி வென்றவர். பெண்களுக்கான உலகக் கோப்பைத் தொடர் 2011 டிசம்பரில் லில்லெஹாமரில்தான் தொடங்கியது. அதாவது சோச்சி வரை அந்தத் தொடருக்கு வயது இரண்டேகால் ஆண்டு. "அதுவரை ஒரு உலகக் கோப்பையும் வென்றதில்லை" என்ற வரியைப் படிக்கும்போது இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

'உலகக் கோப்பை' என்ற சொல் செய்யும் குழப்பம்

நமக்கு உலகக் கோப்பை என்றால் கிரிக்கெட்டோ கால்பந்தோதான். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, அதைவிடப் பெரிது கிடையாது. ஸ்கீ உலகில் அந்தச் சொல்லின் பொருளே வேறு. குளிர்காலம் முழுக்க வாராவாரம் ஊர் ஊராக நடக்கும் தொடர் போட்டிக்குத்தான் அங்கே உலகக் கோப்பை என்று பெயர். நம் லீக் ஆட்டங்களைப் போல. ஒவ்வொரு வார இறுதியும் ஒரு வெற்றி, புள்ளிகள் சேர்ந்து பருவ முடிவில் ஒரு சாம்பியன். உலக சாம்பியன்ஷிப் என்பது தனி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே நாளில் முடிவாவது.

இந்த வேறுபாடு புரிந்தால் ஃபோக்டின் கணக்குப் புத்தகம் விசித்திரமாகத் தெரியாது. வாராந்திரத் தொடரில் அவர் தகனாஷியைப் போல வெற்றிகளைக் குவித்தவர் இல்லை. முதல் உலகக் கோப்பை வெற்றியே ஒலிம்பிக் தங்கத்துக்குப் பிறகுதான் வந்தது. ஆனால் பெரிய நாட்களைப் பாருங்கள். 2015-இல் ஸ்வீடனின் ஃபாலுனில் தனிநபர் உலக சாம்பியன், கலப்பு அணியிலும் தங்கம். 2017-இல் ஃபின்லாந்தின் லஹ்தியில் மறுபடியும் தனிநபர் தங்கம், கலப்பு அணித் தங்கம். 2019-இல் ஆஸ்திரியாவின் ஸேஃபெல்டில் பெண்கள் அணிப் போட்டி உலக சாம்பியன்ஷிப்பில் முதன்முறையாகச் சேர்ந்தபோது, யூலியானே ஸைஃபார்ட், ரமோனா ஷ்ட்ரௌப், அல்தௌஸ் ஆகியோரோடு சேர்ந்து அதையும் வென்றார். ஐந்து உலகத் தங்கம். ஒரு இரவின் அதிர்ஷ்டம் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வருமா?

வாராவாரம் ஜெயிப்பதும், ஒரே ஒரு நாளில் ஜெயிப்பதும் இரண்டு வேறு திறமைகள் என்றே எனக்குப் படுகிறது. முதலாவது உடலின் சீரான தரம். இரண்டாவது, அந்த 0.3 நொடியில் மனம் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்வது. ஃபோக்டுக்கு இரண்டாவது வாய்த்திருந்தது.

முழங்கால், அதற்குப் பிறகு

ஸேஃபெல்ட் தங்கத்துக்குச் சில மாதங்கள் கழித்து, 2019 கோடையில் அவருக்கு முழங்காலின் சிலுவைத் தசைநார் கிழிந்தது. முழங்கால் எலும்புகளைக் குறுக்காகக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும் நார் அது. அடுத்த பருவம் முழுக்கப் போனது. திரும்பி வந்தார். ஆனால் பழைய உயரம் கைகூடவில்லை. 2022-இல் விளையாட்டிலிருந்து விலகினார்.

அவர் தாண்டிய காலத்தில் ஒலிம்பிக்கில் பெண்களுக்கென்று இருந்த தனிநபர் போட்டி நார்மல் ஹில் ஒன்றே ஒன்று. லார்ஜ் ஹில் 2026 ஒலிம்பிக்குக்குத்தான் சேர்க்கப்பட்டது. அதையெல்லாம்விடப் பெரிய குன்றுகளில், 200 மீட்டருக்கு மேல் பறப்பதை ஸ்கீ ஃபிளையிங் என்பார்கள். அது நெடுங்காலம் ஆண்களுக்கு மட்டும் என்றிருந்தது. ஃபோக்ட் விலகிய அடுத்த வருடம், 2023 மார்ச்சில், நார்வேயின் விகர்ஸுண்ட் குன்றில் பெண்கள் முதன்முறையாக அதில் போட்டியிட்டார்கள். ஸ்லோவேனியாவின் ஏமா கிளினெட்ஸ் அங்கே பறந்தது 226 மீட்டர். சோச்சி இரவில் ஃபோக்ட் முதல் சுற்றில் பறந்த 103-ஐப் போல இரு மடங்குக்கும் மேல்.